வெளியில் தெரியும் துப்பாக்கி: டெக்சாஸிலிருந்து ஒரு பதில்

அடுத்த மாதம் குடும்பத்தோடு டாலஸுக்குக் குடிவரவிருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் இடுப்பில் துப்பாக்கி தெரியக் கடைக்கு வரலாம் என்பது உண்மையா? உண்மையென்றால், முன்பு இருந்த கட்டுப்பாடுகளை எதற்காக ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள்? தளர்த்தியதால் குற்றம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? நான் சட்டம் படித்தவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹூஸ்டன் பக்கம் வசிப்பவன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கட்டடக் குழுவில் இருந்த காலத்தில், அரங்கின் வாசலில் என்ன பலகை வைப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்ததால் இந்தச் சட்டங்களை வரி வரியாகப் படித்தேன். கைத்துப்பாக்கி உரிமத்துக்கான வகுப்பிலும் ஒரு நாள் உட்கார்ந்தேன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை: பெரும்பாலும் உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் எதுவும் பெறாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்தோ வெளியில் தெரியும்படியோ பொது இடத்தில் எடுத்துச் செல்லலாம். தெரியும்படி இருந்தால் அது உறைக்குள் இருக்க வேண்டும். 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களைத் தடுப்பதும் செல்லாது என்று ஃபோர்ட் வொர்த்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாநில அரசு தொடங்கிய மேல்முறையீட்டைப் பின்னர் தானே கைவிட்டது. கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள், கடந்த ஐந்து ஆண்டுகளில் தாக்குதல், மிரட்டல் போன்ற சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்கள் எடுத்துச் செல்லக் கூடாது. பள்ளிகள், வாக்குச்சாவடிகள், நீதிமன்றங்கள், வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்தே பெறும் பார்கள், பெரிய விளையாட்டுப் போட்டிகள், விமான நிலையத்தின் சோதனைக்கு அப்பாற்பட்ட பகுதி ஆகியவை தடைசெய்யப்பட்ட இடங்கள். மளிகைக் கடை, பூங்கா, நடைபாதை, உணவகம் போன்றவற்றில் இடத்தின் உரிமையாளர் மறுக்காத வரை அனுமதி உண்டு.

2016 ஜனவரியில், உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியை வெளியில் தெரிய வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறிய முதல் வாரங்களில், ஒரு கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் வலது இடுப்பில், தோலுறைக்குள் கறுப்பு நிறக் கைத்துப்பாக்கி. ரொட்டியும் பாலும் வாங்க வந்தவர். யாரையும் முறைக்கவில்லை, யாரையும் இடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறு வயது மகளின் கண்ணுக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில், அந்தத் துப்பாக்கியின் பிடி இருந்தது. “அப்பா, இவரு போலீசா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்போ எதுக்கு வெச்சிருக்காரு?” என்றாள். தமிழில் பேசியதால் அவருக்குப் புரியவில்லை. குழந்தையின் குரல் கேட்டுத் திரும்பி அன்பாகவே சிரித்தார். அவள் கேட்ட கேள்விக்கு எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. இந்த விவாதம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் இதைத் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அந்தக் கேள்வி எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது. வீட்டில் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது வேறு மூன்று கேள்விகள் பற்றிய வாதம்: வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லலாமா, எடுத்துச் சென்றால் மறைத்தா வெளியில் தெரியவா, எடுத்துச் செல்வதற்கு முன் அரசிடம் அனுமதி பெற வேண்டுமா. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் டெக்சாஸின் கதை புரியாது.

டெக்சாஸ் என்றாலே இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்த மாடு மேய்ப்பர்களின் நாடு என்ற படம் நம் மனத்தில் இருக்கிறது. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பின் கொலையும் பழிவாங்கலும் மலிந்திருந்த நிலையில், 1871இலேயே இந்த மாநிலம் கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைச் சில விதிவிலக்குகளோடு தடைசெய்தது. 1876இல் எழுதப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ள மாநில அரசமைப்புச் சட்டம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை ஒப்புக்கொண்ட அதே வாக்கியத்திலேயே, குற்றத்தைத் தடுக்கும் நோக்கத்தோடு ஆயுதம் அணிவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு என்றும் சொல்கிறது. அதாவது, கட்டுப்பாடு என்பது வெளியிலிருந்து வந்த புதுமை அல்ல. ஏறக்குறைய 125 ஆண்டுகள் டெக்சாஸின் சொந்த வழக்கமே அதுதான். இதை இங்கு பிறந்து வளர்ந்த பலரே அறிந்திருப்பதில்லை என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். அந்தச் சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தடை கைத்துப்பாக்கிக்கு மட்டுமே. ரைபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளை வெளியில் தெரிய எடுத்துச் செல்வதற்குத் தடையே இல்லை. வேட்டைக்கும் பண்ணைக்கும் போகிறவர்களை மனத்தில் வைத்து விடப்பட்ட அந்த இடைவெளிதான் பின்னாளில் பெரிய விவகாரமாயிற்று.

வழக்கத்தை மாற்றியது ஒரு படுகொலை. 1991 அக்டோபர் 16 அன்று, கில்லீன் நகரில் லூபிஸ் என்ற உணவகத்தின் கண்ணாடிச் சுவரை இடித்துக்கொண்டு ஒருவன் தன் வண்டியை உள்ளே ஓட்டி, இறங்கி, 23 பேரைச் சுட்டுக் கொன்றான். தாய் தந்தையரோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் என்ற பெண்ணிடம் சொந்தக் கைத்துப்பாக்கி இருந்தது. எடுத்துச் செல்வது சட்டவிரோதம் என்பதால் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அன்று தாய், தந்தை இருவரையும் இழந்தார். பின்னர் நாடெங்கும் சென்று சாட்சியம் அளித்தார்; 1996இல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததால் பெற்றோரை இழந்தேன் என்று ஒரு மகள் சொல்லும்போது, அதற்கு எதிராகப் புள்ளிவிவரத்தை மட்டும் நீட்டுவது போதாது. தளர்த்த வேண்டும் என்பவர்களின் வாதத்தில் மிக வலுவானது இதுதான். இதை மதிக்காமல் எழுதப்படும் எந்தப் பதிலும் நேர்மையானதாக இருக்காது. 1995இல் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டப்படி, பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கிடைத்தது.

அந்த ஏற்பாடு இருபது ஆண்டுகள் பெரிய சச்சரவு இல்லாமல் ஓடியது. 2015க்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் பெற்றிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. ஆகவே 2015இல் எழுந்த கோரிக்கை, பாதுகாத்துக்கொள்ள ஆயுதம் வேண்டும் என்பதாக இருக்கவில்லை. ஆயுதம் ஏற்கனவே கையில் இருந்தது. அது வெளியில் தெரிய வேண்டும் என்பதே கோரிக்கை. அதற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்பட்டன. டெக்சாஸ் வெயிலில் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டு மறைப்பது சிரமம். காற்றில் சட்டை விலகித் துப்பாக்கி தெரிந்துவிட்டால் சட்டச் சிக்கல் வருமோ என்ற அச்சம் இருக்கிறது என்பது முதலாவது. குற்றம் செய்ய நினைப்பவன் ஆயுதத்தைக் கண்டாலே விலகிவிடுவான் என்பது இரண்டாவது. உரிமை என்றால் அதை ஒளித்துவைத்துத்தான் அனுபவிக்க வேண்டுமா என்பது மூன்றாவது. முதலாவது நியாயத்தில் உண்மை உண்டு. ஆனால் காற்றில் சட்டை விலகுவதைக் குற்றமாக்காமல் இருக்க ஒரு வரித் திருத்தம் போதும். மூன்றாவதுதான் இயக்கத்தின் உயிர்.

அந்த இயக்கம் 2014இல் கையாண்ட முறையை நான் அருகிருந்து பார்த்தேன். கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்ததால், தடையில்லாத ரைபிள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டமாக உணவகங்களுக்கும் கடைகளுக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். ரைபிளோடு வர எங்களை அனுமதிக்கிறீர்கள், கைத்துப்பாக்கியோடு வர ஏன் மறுக்கிறீர்கள் என்று சட்டத்தின் முரணைக் காட்டுவதே அவர்களின் நோக்கம். ஆனால் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த நோக்கம் தெரியாது. டாலஸ் பகுதியில் நடந்த அப்படி ஒரு நிகழ்வுக்குப் பிறகு, வாடிக்கையாளர்கள் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று சிபோட்லே உணவக நிறுவனம் கேட்டுக்கொண்டது. துப்பாக்கி உரிமைக்காகப் பரிந்து பேசும் தேசிய ரைபிள் சங்கமே ரைபிளோடு உணவகத்துக்குப் போவது விசித்திரமான செயல் என்று ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் ஆதரவாளர்களின் கோபம் எழுந்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்களின் அச்சத்தை முதலில் புரிந்துகொண்டு, பின்னர் புரிந்துகொள்ளாதது போல் நடந்துகொண்ட அந்தப் பின்வாங்கல் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

2015 ஜூன் 13 அன்று ஆளுநர் கிரெக் அபட் மசோதாவில் கையெழுத்திட்டார். உரிமம் உள்ளவர்கள் 2016 ஜனவரி 1 முதல் துப்பாக்கியைத் தோள் உறையிலோ இடைவார் உறையிலோ வெளியில் தெரிய வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஊரில் உள்ள பெரிய நிறுவனங்களே தயங்கின. வாட்டபர்கர் உணவக நிறுவனமும் எச்இபி மளிகைக் கடைகளும், மறைத்து எடுத்து வருவதை அனுமதித்துக்கொண்டே, வெளியில் தெரிய எடுத்து வருவதை மறுத்தன. இரண்டுமே டெக்சாஸ் மண்ணில் பிறந்த நிறுவனங்கள். துப்பாக்கிக்கு எதிரானவை என்று யாரும் சொல்ல முடியாதவை. ஒரே துப்பாக்கி, ஒரே மனிதர். சட்டைக்குள் இருந்தால் ஒன்று, சட்டைக்கு வெளியே இருந்தால் வேறொன்று என்று அவர்கள் உணர்ந்ததில்தான் இந்த விவாதத்தின் சாரம் இருப்பதாக நான் நினைக்கிறேன். மறைந்திருக்கும் ஆயுதம் அதை வைத்திருப்பவருக்கும் அவருடைய ஆபத்துக்கும் இடைப்பட்ட விஷயம். வெளியில் தெரியும் ஆயுதமோ அந்த அறையில் உள்ள ஒவ்வொருவரிடமும் பேசுகிறது. அது என்ன சொல்கிறது என்பதை அணிந்திருப்பவர் தீர்மானிக்க முடியாது. எதிரில் இருப்பவரே தீர்மானிக்கிறார்.

இனி உரிமம் பற்றி. 2021க்கு முன், உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் கைரேகை கொடுக்க வேண்டும், நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பில் அமர வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், சுடும் தேர்விலும் தேற வேண்டும். கட்டணம் 140 டாலராக இருந்து, 2017இல் 40 டாலராகக் குறைக்கப்பட்டது. நான் அந்த வகுப்புக்குப் போனது துப்பாக்கி வாங்கும் எண்ணத்தில் அல்ல. வாசலில் நிற்பவர்களைத் தடுக்கவோ அனுமதிக்கவோ முடிவெடுக்கும் முன், அவர்கள் கற்றதை நானும் கற்க வேண்டும் என்றுதான். சுடும் தேர்வில் மொத்தம் 50 தோட்டாக்கள்: மூன்று கஜ தூரத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10. 250க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. மூன்று கஜம் என்பது ஒரு சிறிய அறையின் நீளம்கூட இல்லை. அங்கிருந்து ஆள் உருவம் அச்சிட்ட தாளைச் சுடுவது கடினமல்ல, நானும் தேறினேன். தேர்வு எளிது என்பது வகுப்பின் குறைதான். ஆனால் அந்த வகுப்பில் பெரும்பகுதி நேரம் சுடுவதைப் பற்றியே பேசப்படவில்லை. எப்போது சுடக் கூடாது, வாக்குவாதத்திலிருந்து எப்படி விலகுவது, காவலர் வண்டியை நிறுத்தினால் கைகளை எங்கே வைப்பது, எந்த வாசலில் எந்தப் பலகை இருந்தால் திரும்பிப் போக வேண்டும் என்பதே பாடம். நரைத்த தலையோடு இருந்த பயிற்றுநர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஒவ்வொரு தோட்டாவின் பின்னாலும் ஒரு வழக்கறிஞர் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் இருந்த இருபது பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

2021 சட்டம் இந்த வகுப்பைத்தான் கட்டாயமற்றதாக்கியது. உரிமம் இன்றும் கிடைக்கிறது. மற்ற மாநிலங்களுக்குப் பயணம் செய்பவர்கள் அங்கே அது செல்லும் என்பதற்காக வாங்குகிறார்கள். ஆனால் டெக்சாஸுக்குள் அது தேவையில்லை. டாலஸ் காவல் துறைத் தலைவராக இருந்த எடி கார்சியா உள்ளிட்ட காவல் அதிகாரிகள் பலர் சட்டமன்றத்துக்குச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உரிம வகுப்பு எடுக்கும் பயிற்றுநர்களிலும் பலர் எதிர்த்தார்கள். அவர்களுக்கு வருமான நோக்கம் உண்டு என்று சொல்லப்பட்டது. அது முழுப் பொய்யல்ல. எனினும் எனக்கு வகுப்பெடுத்தவரின் கவலை வருமானம் பற்றியதாக இருக்கவில்லை. மறுபக்கத்தில், ஓர் உரிமையை அனுபவிக்கக் கட்டணமும் விடுப்பும் கேட்பது ஏழைகளைத்தான் தண்டிக்கிறது, ஆபத்தான பகுதிகளில் குறைந்த கூலிக்கு இரவு வேலை பார்ப்பவர்களுக்குத்தான் ஆயுதம் அதிகம் தேவை என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. இது நியாயமான வாதம். இதற்கு விடை வகுப்பை இலவசமாக்குவதே தவிர, வகுப்பை நீக்குவதல்ல.

தளர்த்தும் போக்கு டெக்சாஸோடு நிற்கவில்லை என்பதற்கு நீதிமன்றங்களும் ஒரு காரணம். 2022 ஜூன் 23 அன்று புரூவன் வழக்கில், நியூயார்க்கின் நூற்றாண்டுப் பழமையான கட்டுப்பாட்டை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வீட்டுக்கு வெளியே ஆயுதம் ஏந்துவதும் உரிமையே என்றும், எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. டெக்சாஸின் 1871ஆம் ஆண்டுச் சட்டமும் அதை ஆதரித்த தீர்ப்புகளும் அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டன. பெரும்பான்மை நீதிபதிகள் அதை விதிவிலக்கான ஒன்று என்று ஒதுக்கிவிட்டார்கள். வரலாறுதான் அளவுகோல் என்றால் எந்த வரலாறு என்ற கேள்வி உடனே எழுகிறது. 1800களின் முற்பாதியில் தென் மாநிலங்கள் பலவற்றில் மறைத்து எடுத்துச் செல்வதுதான் கோழைகளின் செயலாகவும் சதிகாரர்களின் செயலாகவும் கருதப்பட்டுத் தடைசெய்யப்பட்டது. வெளிப்படையாக ஏந்துவது மானமுள்ளவனின் வழி என்று 1850இல் லூசியானா நீதிமன்றம்கூடச் சொன்னது. இன்றைய எச்இபி கடைக்காரரின் உணர்வுக்கு இது நேர் எதிர். இந்தப் பழைய மரபைப் பிடித்துக்கொண்டுதான் 2025 செப்டம்பர் 10 அன்று ஃபுளோரிடாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, 1987 முதல் அங்கே இருந்த வெளிப்படையாக ஏந்தும் தடையை நீக்கியது. அதே தடையை 2017இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சரியென்று சொல்லியிருந்தது. பென்சகோலா நகரின் ஒரு நாற்சந்தியில், 2022 ஜூலை 4 அன்று, உறையில் துப்பாக்கியும் கையில் அரசமைப்புச் சட்டப் புத்தகமுமாக நின்று போகிற வருகிற கார்களுக்குக் கையசைத்தவர் மீதான வழக்கு அது. ஃபுளோரிடாவில் சட்டமன்றம் பலமுறை நிறைவேற்றத் தயங்கியதை நீதிமன்றம் ஒரே நாளில் செய்து முடித்தது.

காவல் துறையின் கோணத்திலிருந்து பார்க்கும்போது இதன் விலை தெரிகிறது. 1968இல் டெர்ரி வழக்கில் வகுக்கப்பட்ட விதிப்படி, ஒருவரைக் காவலர் தடுத்து நிறுத்த வேண்டுமானால் குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம் என்ற இடத்தில் துப்பாக்கியே காரணமாகிறது. அது சட்டபூர்வமாகிவிட்டால், சுடத் தொடங்கும் வரை காரணம் இல்லை. 2015 அக்டோபர் 31 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு பெண், ரைபிளோடு ஒருவன் நடமாடுகிறான் என்று அவசர உதவி எண்ணான 911க்கு அழைத்தார். இங்கே வெளிப்படையாக ஏந்திச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது என்று அழைப்பை எடுத்தவர் விளக்கினார். சில நிமிடங்களில் அந்தப் பெண் மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவன் சுடத் தொடங்கியிருந்தான். மூன்று பேர் இறந்தார்கள். அழைப்பை எடுத்தவர் சட்டத்தைத் தவறாகச் சொல்லவில்லை என்பதுதான் இதில் மனத்தை அறுக்கிறது.

உங்கள் புதிய ஊரான டாலஸில் நடந்தது இன்னும் தெளிவானது. 2016 ஜூலை 7 அன்று, காவல் துறையின் வன்முறையைக் கண்டித்து நடந்த ஊர்வலத்தின் முடிவில், மறைந்திருந்து சுட்ட ஒருவன் ஐந்து காவலர்களைக் கொன்றான். ஊர்வலத்தில் இருபது முப்பது பேர் ரைபிள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் குண்டு துளைக்காத அங்கியும் அணிந்திருந்தார்கள் என்று அப்போதைய காவல் துறைத் தலைவர் டேவிட் பிரவுன் சொன்னார். துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் அவர்கள் ஓடினார்கள். ஓடுபவர்களில் சுட்டவன் யார், சுடாதவன் யார் என்று எப்படிப் பிரிப்பது? ரைபிளோடு வந்திருந்த ஒரு கறுப்பின இளைஞரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல் துறையே உலகம் முழுவதும் பரப்பிவிட்டது. அவர் சட்டத்தை மீறவில்லை; துப்பாக்கியைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுத் தானே போய் நின்றார். விசாரித்து விடுவித்தார்கள். அதற்கிடையில் யாராவது ஒருவர் அவரை அடையாளம் கண்டு சுட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயுதம் ஏந்திய நல்லவர் ஆபத்தைத் தடுப்பார் என்ற வாதத்தை அந்த இரவு நேருக்கு நேர் சோதித்தது. இருபது முப்பது துப்பாக்கிகளில் ஒன்றுகூட உதவவில்லை, எல்லாமே குழப்பத்தைக் கூட்டின.

எப்போதும் அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 2019 டிசம்பர் 29 அன்று ஃபோர்ட் வொர்த் அருகே வைட் செட்டில்மென்ட் ஊரின் தேவாலயத்தில் இருவரைச் சுட்டுக் கொன்றவனை, தேவாலயத்தின் தன்னார்வப் பாதுகாவலர் ஆறு விநாடிகளில் வீழ்த்தினார். அவர் இல்லாதிருந்தால் சாவு எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும். இதைத் தளர்வுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் துப்பாக்கிப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்டவர். அவரது வெற்றி பயிற்சிக்குச் சான்று. பயிற்சியே வேண்டாம் என்ற சட்டத்துக்கு எப்படிச் சான்றாகும்?

இன்னொன்றையும் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். வெளியில் தெரியும் துப்பாக்கி எல்லார் இடுப்பிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. 2014 ஆகஸ்டில் ஓஹாயோவின் பீவர்கிரீக் ஊரில், வால்மார்ட் கடையின் அலமாரியில் விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தொலைபேசியில் பேசியபடி நடந்த 22 வயதுக் கறுப்பின இளைஞர், யாரோ காவல் துறையை அழைத்ததால் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஓஹாயோவில் உண்மையான துப்பாக்கியையே வெளிப்படையாக ஏந்திச் செல்ல அனுமதி உண்டு. வரலாற்றிலும் இதே முகம் தெரிகிறது. கலிஃபோர்னியாவில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவது 1967 வரை சட்டபூர்வமாகவே இருந்தது. ஓக்லண்டில் காவலர்களைக் கண்காணிக்க, கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் துப்பாக்கியோடு தெருவில் இறங்கி, அந்த ஆண்டு மே 2 அன்று சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள்ளும் போனபோது, அப்படி ஏந்துவதைத் தடைசெய்யும் மல்ஃபர்ட் சட்டம் விரைந்து நிறைவேறியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2020 ஏப்ரல் 30 அன்று ரைபிளோடு மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தவர்களுக்கு எதிராக, வெளிப்படையாக ஏந்துவதை அந்தக் கட்டடத்துக்குள் தடைசெய்ய எட்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. யார் ஏந்துகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் வேகம் மாறுகிறது. பழுப்பு நிறத் தோலும் வேற்று உச்சரிப்பும் கொண்ட நம்மவர் ஒருவர் இந்த உரிமையை நம்பி ரைபிளோடு பூங்காவுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை யோசித்தாலே போதும். சட்டத்தில் எழுதியிருப்பது அவருக்கும் உரியதுதான், ஆனால் சோதித்துப் பார்க்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

குற்றம் கூடியதா குறைந்ததா என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆயுதம் எடுத்துச் செல்வதை எளிதாக்கினால் குற்றம் குறையும் என்று 1990களின் இறுதியில் ஜான் லாட் என்ற பொருளியலாளர் வாதிட்டார். தளர்வுக்கு ஆதரவானவர்கள் நெடுங்காலம் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2004இல் தேசிய ஆராய்ச்சிக் குழு அந்தத் தரவுகளை ஆராய்ந்து, கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது. ஸ்டான்ஃபர்டின் ஜான் டோனஹ்யூவும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய சட்டம் இயற்றிய மாநிலங்களில் பத்து ஆண்டுகளுக்குப் பின், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட வன்குற்றங்கள் 13 முதல் 15 விழுக்காடு அதிகம். துப்பாக்கித் திருட்டு கூடுவதையும், குற்றங்களைத் துப்பு துலக்கும் விகிதம் குறைவதையும் அவர்கள் பின்னர் காட்டினார்கள். இவையெல்லாம் முதன்மையாக மறைத்து எடுத்துச் செல்லும் சட்டங்கள் பற்றியவை. வெளியில் தெரிய ஏந்துவதைத் தனியாகப் பிரித்து அளந்த ஆய்வுகள் மிகக் குறைவு. 2021இல் டெக்சாஸில் கொலைகள் அதிகமாக இருந்ததைக் காட்டிப் புதிய சட்டத்தைக் குற்றம் சாட்டுபவர்களையும் நம்பாதீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதுமே கூடியது, பிறகு நாடு முழுவதுமே இறங்கியது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். இந்தப் பெரிய எண்ணிக்கையில் கடை வரிசையில் நிற்கும் மனிதரின் தோலுறைக்குப் பங்கு சிறிதே. என் எதிர்ப்புக்கும் இந்த எண்கள் முதல் காரணமல்ல. பயிற்சி இல்லாத கையில் இருக்கும் ஆயுதத்தைப் பொது இடத்தில் கண்ணெதிரே பார்த்தும், கேட்க யாருக்கும் உரிமை இல்லாத நிலைதான் காரணம். 2016இன் சட்டத்தோடு என்னால் மனவருத்தத்தோடு வாழ முடிந்தது. அந்த மனிதர் வகுப்பில் உட்கார்ந்தவர் என்று மகளிடம் சொல்ல முடிந்தது. 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். அதை மீட்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நடைமுறையில் உங்களுக்குத் தேவையான ஒன்று: இடத்தின் உரிமையாளருக்கு மறுக்கும் உரிமை இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்குரிய பலகைகளைச் சட்டம் சொல்லும் வாசகத்தோடு வைக்க வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவு உரிமம் உள்ளவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுக்க, 30.07 வெளியில் தெரிய எடுத்து வருவதைத் தடுக்க, 30.05 உரிமம் இல்லாதவரைத் தடுக்க. 30.06க்கும் 30.07க்கும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்தில், பின்னணியோடு மாறுபட்டுத் தெரியும் நிறத்தில், எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும்; 30.07 பலகை ஒவ்வொரு நுழைவாயிலிலும் வேண்டும். எழுத்து அரை அங்குலமாக இருந்தாலே பலகை செல்லாமல் போகலாம். எங்கள் அரங்குக்கு இரண்டு வாசல்; மூன்று வகையையும் வைத்தால் ஆறு பலகைகள். குழுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. வழிபாட்டுத் தலங்களில் நடந்த தாக்குதல்களைச் சொல்லி, மறைத்து எடுத்து வருபவர்களையாவது அனுமதிப்போம் என்று சிலர் கேட்டார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. முடிவில் வெளியில் தெரிவதைத் தடுக்கும் பலகையையும் உரிமம் இல்லாதவர்களுக்கான பலகையையும் மட்டும் வைப்பது என்று வாக்கெடுப்பில் தீர்மானமாயிற்று.

அடுத்த பொங்கல் விழாவுக்கு, விருந்தினராக வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். வரவேற்பில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அம்மையார் பலகையைச் சுட்டிக்காட்டினார். அவர் ஒரு வரி படித்தார், மன்னிப்புக் கேட்டார், காருக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து சந்தனம் பூசிக்கொண்டார்.